குருவி தலையில் பனங்காய்: உயிருள்ள செல்லுக்குள் நானோ விளக்குகள் காட்டுவது எதை?

2023-இல் வேதியியல் நோபல் பரிசு குவாண்டம் புள்ளிகள் எனும் ஒளிரும் நுண்துகள்களைக் கண்டறிந்து உருவாக்கிய மூவருக்கு அறிவிக்கப்பட்டபோது, செய்திகள் பெரும்பாலும் இரண்டு பயன்களை ஒரே மூச்சில் சொல்லி முடித்தன. ஒன்று, தொலைக்காட்சித் திரையின் பளிச்சென்ற நிறங்கள். இன்னொன்று, புற்றுநோய்க் கட்டியை ஒளிரச் செய்து அறுவை மருத்துவருக்குக் காட்டுவது. முதலாவது பல வீட்டுச் சுவர்களில் ஏற்கெனவே தொங்குகிறது. இரண்டாவது அந்த நிலையை எட்டவில்லை. ஒரே துகள் திரையில் வென்று, உடலின் வாசலில் தயங்கி நிற்பது ஏன்?

இதற்கு விடை தேடப் புறப்பட்டால் வழியில் இன்னொரு கேள்வி இடறும். ஆய்வகத் தட்டில் வளரும் உயிருள்ள செல்களுக்கு இந்தத் துகள்களை விளக்காகப் பொருத்தத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்த வெளிச்சத்தில் பார்த்தது செல்லின் இயல்பையா, விளக்கைச் சுமந்துகொண்டிருக்கும் செல்லின் அவஸ்தையையா? துகளின் பிரகாசம் இன்று பெரிய சிக்கல் இல்லை. அதன் பருமனும் பிடியும்தான் சிக்கல்.

## செல்லுக்குள் ஏன் விளக்கு வேண்டும்

விலங்குச் செல் ஒன்றின் குறுக்களவு பொதுவாக 10 முதல் 20 மைக்ரோமீட்டர். அதில் பெரும்பகுதி தண்ணீர். சாதாரண நுண்ணோக்கியில் வைத்தால் விளிம்பு தெரியும், கரு தெரியும், மற்றதெல்லாம் ஏறக்குறைய கண்ணாடிதான். உள்ளே ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் ஓடியாடிக் கொண்டிருந்தாலும் ஒன்றையொன்று பிரித்துக் காட்டும் நிறம் எதற்கும் இல்லை. ஆகவே தேடும் மூலக்கூறின் மேல் ஒளிரும் பொருள் ஒன்றை ஒட்டிவிட்டு, அந்த ஒளியை மட்டும் பார்க்கிறார்கள். ஒட்டப்படும் பொருளுக்கு ஒளிக்குறி என்று பெயர்.

ஒளிக்குறியில் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று ஒளிரும், மற்றொன்று இலக்கைத் தேடிப் பிடிக்கும். பிடிக்கும் வேலைக்கு இயற்கையே தந்த கருவி ஆன்டிபாடி. குறிப்பிட்ட ஒரு மூலக்கூறை மட்டும் அடையாளம் கண்டு கவ்விக்கொள்ளும் புரதம் அது. 1940-களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தை இணைத்துக் காட்டினார். இன்றுவரை செல் ஆய்வகங்கள் நடப்பது பெரும்பாலும் அந்த வழியில்தான். சாயம் ஒளிரும் முறைக்கு உடனொளிர்வு என்று பெயர்: குறைந்த அலைநீள ஒளியை விழுங்கி, அதைவிட நீண்ட அலைநீள ஒளியாகச் சட்டென்று திருப்பித் தருவது. நீல ஒளியைப் பாய்ச்சினால் பச்சை ஒளி திரும்பி வரும்.

இதோடு இன்னொரு வழியும் உண்டு. ஜெல்லிமீனிலிருந்து ஒசாமு ஷிமோமுரா 1962-இல் பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதத்தின் மரபணுவைச் செல்லுக்குள் செலுத்திவிட்டால், செல்லே தன் விளக்கைத் தயாரித்துக்கொள்ளும். 2008-இன் வேதியியல் நோபல் இதற்குத்தான்.

இவ்வளவு இருந்தும் நானோ துகள் எதற்கு? சாயத்துக்கும் ஒளிர்புரதத்துக்கும் பொதுவான ஒரு நோய் உண்டு: வெளிறல். ஒரு சாய மூலக்கூறு ஒளியை விழுங்கி உமிழ்ந்து கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் சுற்றியுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து உடைந்துபோகும். ஒற்றை மூலக்கூறாகப் பின்தொடர்ந்தால் சில வினாடிகளிலேயே விளக்கு அணைந்துவிடும். செல்லில் நடக்கும் சுவையான காரியங்களோ நிமிடக் கணக்கில் நடப்பவை. அதோடு, சாயங்கள் உமிழும் நிறப் பட்டை அகலமானது. நான்கைந்து சாயங்களை ஒன்றாகப் போட்டால் ஒன்றின் நிறம் மற்றொன்றில் கசியும்.

## அளவுதான் நிறம்

குவாண்டம் புள்ளி என்பது சில நூறிலிருந்து சில ஆயிரம் அணுக்கள் கொண்ட குறைக்கடத்திப் படிகம். செல் ஆய்வில் அதிகம் பழகிய பொருள் காட்மியம் செலினைடு.

குறைக்கடத்தியில் எலெக்ட்ரான்கள் கீழ்ப்பட்டையில் நிறைந்திருக்கும், மேற்பட்டை காலி. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆற்றல் இடைவெளி. போதிய ஆற்றலுள்ள ஒளி பட்டால் எலெக்ட்ரான் மேலே தாவும். கீழே ஒரு துளை மிஞ்சும். எலெக்ட்ரான் திரும்ப விழும்போது இடைவெளிக்குச் சமமான ஆற்றல் ஒளியாக வெளிவரும். பெரிய காட்மியம் செலினைடு கட்டியில் இந்த இடைவெளி சுமார் 1.74 எலெக்ட்ரான் வோல்ட். அதாவது அடர்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் எல்லையின் ஓரம்.

அதே பொருளைச் சில நானோமீட்டருக்கு (ஒரு நானோமீட்டர் மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறுக்கினால் எலெக்ட்ரானும் துளையும் தம் இயல்பான பரப்பில் விரிந்திருக்க இடமில்லாமல் நெருக்கப்படும். தந்தியின் நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறுவதுபோல, இடம் குறையக் குறைய இடைவெளி கூடும். 6 நானோமீட்டர் துகள் சிவப்பாக ஒளிரும். 2 நானோமீட்டர் அளவில் நீலத்தை நெருங்கும். பொருள் ஒன்றே, நிறம் மட்டும் பல. இதைக் கண்ணாடிக்குள் உறைந்த படிகங்களில் அலெக்சி எகிமோவ் 1980-களின் தொடக்கத்தில் கண்டார்; திரவத்தில் மிதக்கும் துகள்களில் லூயி புரூஸ் 1983-இல் கண்டார். ஒரே அளவில் சீராக விளைவிக்கும் முறையை மௌங்கி பாவெண்டியின் குழு 1993-இல் கொடுத்தது. அந்தச் சீர்மை இல்லாவிட்டால் குடுவையில் கிடைப்பது எல்லா நிறமும் கலந்த ஒரு மங்கல்தான்.

ஒளிக்குறியாக இதன் சிறப்புகள்:

1. விழுங்கும் பட்டை அகலம், உமிழும் பட்டை குறுகல். ஒரே நீல அல்லது ஊதா ஒளியைப் பாய்ச்சி, வெவ்வேறு அளவுப் புள்ளிகளை வெவ்வேறு நிறங்களில் ஒரே நேரத்தில் எரியவிடலாம். சாயங்களுக்கு ஆளுக்கொரு ஒளி வேண்டும்.
2. வெளிறல் மிக மெதுவாக நடக்கும். படிகத்தின் மேல் துத்தநாக சல்பைடு ஓடு போர்த்தினால் இன்னும் தாங்கும்.
3. ஒளியை உமிழ எடுத்துக்கொள்ளும் நேரம் பத்து, இருபது நானோவினாடிகள் அல்லது அதற்கும் மேல். செல்லின் சொந்த ஒளிர்வு அதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். சற்றுத் தாமதித்துப் பார்த்தால் பின்னணி இருட்டாகவே இருக்கும்.

ஒரு குறையும் கூடவே வரும்: கண்சிமிட்டல். தனிப் புள்ளி ஒன்றைத் தொடர்ந்து பார்த்தால் திடீரென அணையும், பிறகு எரியும். துகளுக்குள் கூடுதலாக ஒரு மின்னூட்டம் சிக்கிக்கொண்டால், விழுங்கிய ஆற்றல் ஒளியாகாமல் வெப்பமாகப் போய்விடும். ஆய்வாளருக்கு இது தலைவலி. ஆனால் வேடிக்கையாக, ஒரு பயனும் உண்டு. படத்தில் ஒரு பொட்டு சிமிட்டினால் அது ஒற்றைத் துகள் என்று நம்பலாம். பத்துத் துகள்களின் திரள் ஒன்றாகச் சேர்ந்து சிமிட்டாது.

## மற்ற விளக்குகள்

குவாண்டம் புள்ளி ஒன்றே நானோ விளக்கல்ல. ஒளிதரும் முறையே வேறான மூன்று வகைகளைத் தெரிந்துகொண்டால் செய்திகளில் வரும் பாதிக் குழப்பம் தீரும்.

1. தங்கம். இது உடனொளிர்வு வழியாக வேலை செய்வதில்லை; விழும் ஒளியைச் சிதறடிக்கிறது. தங்கத் துகளின் பரப்பிலுள்ள எலெக்ட்ரான்கள் குறிப்பிட்ட நிற ஒளிக்கு ஒத்து ஊசலாடுவதால் அந்த நிறம் மட்டும் வலுவாகச் சிதறும். தங்கக் கூழ்மத்தின் செந்நிறத்துக்குக் காரணம் துகளின் நுண்மைதான் என்று மைக்கேல் ஃபாரடே 1857-லேயே சொல்லிவிட்டார். உடைய எதுவும் இல்லாததால் வெளிறலும் இல்லை, சிமிட்டலும் இல்லை. ஆனால் சிதறல் வலிமை விட்டத்தின் ஆறாம் படியைப் பொறுத்தது. 80 நானோமீட்டர் துகளை 40-ஆகக் குறைத்தால் ஒளி பாதியாகாது, 64-இல் ஒரு பங்காகிவிடும். எனவே தங்க விளக்கு பளிச்சென்று தெரிய வேண்டுமானால் பருமனாக இருந்தாக வேண்டும்.

2. மேலேற்றும் துகள்கள். சோடியம் இட்ரியம் ஃப்ளூரைடு படிகத்தில் இட்டெர்பியம், எர்பியம் போன்ற அருமண் தனிமங்களைக் கலந்து செய்வது. 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியின் இரண்டு ஃபோட்டான்களை அடுத்தடுத்து விழுங்கி, ஒரே ஒரு பச்சை அல்லது சிவப்பு ஃபோட்டானாகத் தரும். சில்லறையைச் சேர்த்து நோட்டாக்குவதுபோல. செல்லின் சொந்தப் பொருள்கள் எதுவும் இந்த வித்தையைச் செய்வதில்லை என்பதால் பின்னணி ஏறக்குறைய முழு இருட்டு. சிக்கல் என்னவென்றால் 980 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீரும் விழுங்கும், செல் சூடாகும். நியோடிமியத்தைச் சேர்த்து 808 நானோமீட்டருக்கு மாற்றும் முறை இதற்காக வந்ததுதான்.

3. நானோ வைரம். வைரப் படிகத்தில் ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜனும், பக்கத்தில் ஒரு வெற்றிடமும் அமைந்தால் அந்த இடம் பச்சை ஒளியை வாங்கிச் சிவப்பாக ஒளிரும். வெளிறவே வெளிறாது. நைட்ரஜனும் வெற்றிடமும் சேர்ந்த அந்த இணையின் காந்தப் பண்பு வெப்பநிலைக்கு ஏற்ப நகர்வதால், 2013-இல் ஓர் ஆய்வுக் குழு இதை உயிருள்ள மனிதச் செல்லுக்குள் வெப்பமானியாகவே பயன்படுத்திக் காட்டியது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக அழகான சோதனைகளில் இது ஒன்று. விளக்கு தான் இருக்கும் இடத்தைக் காட்டியதோடு, அந்த இடத்தின் சூட்டையும் சொன்னது.

## எண்ணெயில் பிறந்தது தண்ணீரில் வாழ வேண்டும்

தரமான குவாண்டம் புள்ளிகள் சுமார் 300 பாகை செல்சியஸில், கொதிக்கும் எண்ணெய் போன்ற கரிமத் திரவத்தில் விளைகின்றன. வெளியே எடுக்கும்போது ஒவ்வொரு துகளின் மேலும் நீரை வெறுக்கும் கொழுப்புச் சங்கிலிகள் முள்போல நிற்கும். அப்படியே செல் வளரும் உப்புநீரில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படியும்.

திரைக்கும் செல்லுக்குமான வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. தொலைக்காட்சியில் துகள் ஒரு பிளாஸ்டிக் படலத்துக்குள் காற்றும் ஈரமும் புகாமல் மூடி வைக்கப்படுகிறது. செல்லில் அதே துகள் உப்பிலும் புரதத்திலும் அமிலத்திலும் நீந்த வேண்டும்.

அதற்கு இரண்டு வழிகள். பழைய சங்கிலிகளைக் கழற்றிவிட்டு, ஒருமுனையில் கந்தகமும் மறுமுனையில் நீரை விரும்பும் தொகுதியும் கொண்ட சிறு மூலக்கூறுகளை மாட்டலாம். துகள் சிறியதாகவே இருக்கும், ஆனால் கந்தகப் பிடி நாளடைவில் நழுவும், ஒளியும் குறையும். அல்லது பழைய சங்கிலிகளை அப்படியே விட்டு, மேலே ஒரு பாலிமர் அல்லது கொழுப்புப் போர்வையைச் சுற்றலாம். இது உறுதியானது, ஆனால் தடிமன். அந்தப் போர்வையின் மேல் ஆன்டிபாடியையோ, பயோட்டின் என்ற சிறு வைட்டமின் மூலக்கூறை விடாப்பிடியாகப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதத்தையோ பொருத்த வேண்டும். ஆன்டிபாடி மட்டுமே பத்து நானோமீட்டருக்கு மேல் நீளும். கடைசியில் 5 நானோமீட்டர் விளக்கு 20 நானோமீட்டருக்கும் பெரிய உருண்டையாகிறது.

பச்சை ஒளிர்புரதத்தின் நீளம் சுமார் 4 நானோமீட்டர்தான். இந்த ஒப்பீடு பின்னால் தேவைப்படும்.

## 1998: இரண்டு கட்டுரைகள், இரண்டு செல்கள்

குவாண்டம் புள்ளிகள் உயிரியலுக்குள் நுழைந்தது 1998 செப்டம்பரில். ஒரே அறிவியல் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்களின் கட்டுரைகள் வந்தன.

முதல் குழுவில் பால் அலிவிசாட்டோஸும் ஷிமோன் வைஸும் இருந்தனர். எலியின் நார்செல்களில் ஒரு நிறப் புள்ளியால் செல்லின் எலும்புக்கூடான ஆக்டின் இழைகளையும், இன்னொரு நிறத்தால் கருவையும் ஒரே ஒளியில் எரியவிட்டார்கள். படம் கண்ணைப் பறித்தது. ஆனால் அந்தச் செல்கள் வேதிப்பொருளில் பதப்படுத்தப்பட்டவை, உயிரற்றவை.

இரண்டாவது கட்டுரை வாரன் சானும் ஷூமிங் நீயும் எழுதியது. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தைப் புள்ளியில் ஒட்டி, வளர்ப்பில் உள்ள ஹீலா எனும் மனிதப் புற்றுநோய்ச் செல்களுக்குக் கொடுத்தார்கள். செல்கள் உயிரோடு இருந்தன. சவ்வில் நின்று குறிப்பிட்ட மூலக்கூறுகளைப் பற்றும் புரதங்களான தம் ஏற்பிகள் வழியாகப் புள்ளிகளை உள்ளே இழுத்துக்கொண்டன. ரோடமைன் சாயத்தைவிட 20 மடங்கு பிரகாசம், வெளிறலைத் தாங்குவதில் 100 மடங்கு உறுதி என்பது அவர்கள் கொடுத்த கணக்கு.

இந்த இரண்டு படங்களுக்கும் இடையிலான தூரத்தைச் செய்திகள் வழக்கமாகத் தாண்டிக் குதித்துவிடும். பதப்படுத்திய செல்லின் சவ்வில் ஓட்டை போட்டு, எந்தப் பெரிய துகளையும் உள்ளே அனுப்பலாம். உயிருள்ள செல்லில் அது நடக்காது.

## வாசலைத் தாண்டியும் அறைக்குள் போகாத விருந்தாளி

உயிருள்ள செல் நானோ துகளைத் தன்னிச்சையாகவே விழுங்கும். படம் எடுத்தால் செல்லுக்குள் ஆங்காங்கே பளிச்சென்ற பொட்டுகள் தெரியும். 'துகள் செல்லுக்குள் சென்றது' என்று எழுதிவிடலாம். உண்மையில் அது செல்லின் உடல்திரவத்துக்குள் சென்றிருக்காது. சவ்வு உள்வாங்கிக் கிள்ளி எடுத்த ஒரு பைக்குள் அடைபட்டிருக்கும். எண்டோசோம் எனப்படும் அந்தப் பை, போகப்போக அமிலம் ஏறி லைசோசோமோடு சேர்கிறது. அங்கே அமிலத்தன்மை பி.எச். 4.5 முதல் 5 வரை. செல்லின் குப்பைத்தொட்டி என்று அதை வர்ணிப்பார்கள். செரிமான அறை என்பது இன்னும் பொருத்தம்.

ஆகவே செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்க அனுப்பிய துகள், அந்தப் புரதத்தை ஒருபோதும் சந்திக்காமலே பைக்குள் உட்கார்ந்து ஒளிர்ந்துகொண்டிருக்கலாம். இதைத் தவிர்க்க நுண்ணூசியால் நேராகச் செலுத்துகிறார்கள். மின் துடிப்பால் சவ்வில் கணநேரத் துளை போடுகிறார்கள். பையை உடைக்கும் பெப்டைடுகள் எனும் குட்டிப் புரதத் துண்டுகளைத் துகளில் ஒட்டுகிறார்கள். ஊசி முறைதான் தெளிவானது, ஆனால் ஒவ்வொரு செல்லாகக் குத்த வேண்டும். 2002-இல் ஒரு குழு, கொழுப்புப் போர்வையிட்ட புள்ளிகளைத் தவளைக் கருவின் தனிச் செல்களில் ஊசியால் ஏற்றி, அந்தச் செல்லின் சந்ததிகளைத் தலைப்பிரட்டைப் பருவம்வரை ஒளியைக் கொண்டே தொடர்ந்தது. தவளைக் கருவின் ஆரம்பச் செல்கள் பெரியவை என்பதால் அந்த வேலை கைகூடியது.

மற்றபடி, நானோ ஒளிக்குறி தன் திறமையை முழுதாகக் காட்டியது செல்லுக்கு உள்ளே அல்ல, வெளிப்புறத் தோலில்.

## ஒற்றை மூலக்கூறின் காலடித் தடம்

ஒளியின் அலைத் தன்மையால், சாதாரண நுண்ணோக்கியில் எந்தப் புள்ளி விளக்கும் சுமார் 250 நானோமீட்டர் அகல மங்கலாகத்தான் தெரியும். துகள் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மங்கலின் அகலம் மாறாது. ஆனால் ஒரே ஒரு விளக்குதான் அங்கே உள்ளது என்று தெரிந்தால் மங்கலின் நடுமையத்தைக் கணக்கிடலாம். எவ்வளவு ஃபோட்டான்கள் கிடைக்கின்றனவோ, அவற்றின் வர்க்கமூலத்தால் பிழை குறையும். 400 ஃபோட்டான்கள் கிடைத்தால் 250-ஐ 20-ஆல் வகுக்கலாம். ஏறத்தாழ 12 நானோமீட்டர். 10,000 கிடைத்தால் 100-ஆல் வகுக்கலாம், 2.5 நானோமீட்டர். வெளிறாத, பிரகாசமான விளக்குக்கு இங்கேதான் உண்மையான மதிப்பு.

2003-இல் வெளியான ஓர் ஆய்வைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மாக்சிம் தாஹான் உள்ளிட்டோர், வளர்ப்புத் தட்டிலிருந்த தண்டுவட நரம்புச் செல்களின் சவ்வில் கிளைசின் ஏற்பிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஏற்பியின் மேல் ஓர் ஆன்டிபாடி. அதன் மேல் பயோட்டின் தாங்கிய இன்னொரு ஆன்டிபாடித் துண்டு. அதன் மேல் ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய குவாண்டம் புள்ளி. ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும் மூன்று அடுக்கு. இந்தக் கோபுரத்தைச் சுமந்தபடி ஏற்பி சவ்வில் நகர்வதை மில்லிவினாடிகளிலிருந்து நிமிடங்கள்வரை பார்த்தார்கள். நரம்புச் செல்கள் தொட்டுப் பேசும் சந்திப்பான சினாப்ஸுக்குள் ஏற்பி தயங்கித் தயங்கி நடந்தது. வெளியே வந்ததும் ஓடியது. ஏற்பிகள் ஓரிடத்தில் நட்டுவைத்த கம்பங்கள் அல்ல, வந்து போகிறவை என்பதை ஒற்றை மூலக்கூறு அளவில் அவ்வளவு நேரம் காட்டியது பெரிய காரியம்தான்.

அதன்பின் பல ஆய்வகங்கள் பல ஏற்பிகளுக்கு இதே விளக்கைக் கட்டின. மூளையில் செய்திகளை விரைவாகக் கடத்தும் ஆம்பா வகை ஏற்பிகளும் அவற்றில் உண்டு. சினாப்ஸுக்கு வெளியே ஆம்பா ஏற்பிகளின் பெரும் கூட்டம் ஒன்று வேகமாக உலவிக்கொண்டிருக்கிறது, தேவைப்படும்போது உள்ளே நுழைகிறது என்ற சித்திரம் வலுப்பெற்றது.

## பனங்காய்

சினாப்ஸில் இரண்டு நரம்புச் செல்களுக்கு இடையிலான இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். போர்வையும் புரதமும் ஏறிய புள்ளியின் பருமனும் ஏறக்குறைய அதுவே, சில நேரம் அதைவிட அதிகம். அந்தச் சந்துக்குள் இந்த உருண்டை நுழையுமா என்று யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்?

2017-இல் பால் செல்வினின் குழு இதை நேரடியாகச் சோதித்தது. ஏற்பி அதே ஆம்பா. விளக்கு மட்டும் மூன்று விதம்: சுமார் 4 நானோமீட்டர் சாயம், சுமார் 10 நானோமீட்டர் சிறிய புள்ளி, 20 நானோமீட்டருக்கு மேற்பட்ட பெரிய புள்ளி. சாயமோ சிறிய புள்ளியோ பொருத்திய ஏற்பிகளில் 90 சதவீதத்துக்கு மேல் சினாப்ஸுக்குள், சிறு வட்டாரங்களில் அடங்கி நின்றன. பெரிய புள்ளி சுமந்தவற்றில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே உள்ளே இருந்தன. மீதியெல்லாம் வெளியே சுற்றிக்கொண்டிருந்தன.

வெளியே உலவும் பெரும் கூட்டம் என்று பார்த்தது, பெருமளவுக்கு வாசலில் நுழைய முடியாமல் நின்றவர்களின் கூட்டம். குருவி தலையில் பனங்காயை வைத்துவிட்டு, குருவி கூட்டுக்குள் போவதில்லை என்று குறிப்பெழுதிய கதை. முந்தைய ஆய்வுகள் எல்லாம் வீண் என்பதல்ல இதன் பொருள். திறந்த சவ்வில் நகரும் ஏற்பிகளைப் பற்றிய அளவீடுகளுக்கு இந்தத் தடை பொருந்தாது. ஆனால் குறுகிய இடங்களைப் பற்றிய எந்த முடிவையும் விளக்கின் பருமனைக் கேட்காமல் ஏற்கக் கூடாது என்பது உறுதியானது.

விளக்கு தவறான தகவல் தரும் வேறு வழிகளும் உண்டு:

1. பல கைகள். ஒரு துகளின் மேல் பத்து ஆன்டிபாடி இருந்தால் அது பத்து ஏற்பிகளைப் பிடித்து ஒன்றாக இழுக்கும். பல ஏற்பிகள் அப்படிக் கூட்டாகச் சேர்வதையே செய்தி வந்ததற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு செல்லுக்குள் உத்தரவுகளை அனுப்பும். பார்க்க வந்தவரே காரியத்தைத் தொடங்கி வைத்துவிடுவார். ஒரே ஒரு பிடி மட்டும் கொண்ட துகள்களை உருவாக்க ஆய்வாளர்கள் பாடுபட்டது இதனால்தான்.
2. ஒட்டிக்கொள்ளும் புரதங்கள். இரத்தச் சீரம் கலந்த திரவத்தில் துகளை விட்ட மாத்திரத்தில் அதன் மேல் பலவகைப் புரதங்கள் படிந்துவிடும். புரதக் கிரீடம் என்று பெயர். செல் தொட்டுப் பார்ப்பது நாம் வடிவமைத்த மேற்பரப்பை அல்ல, இந்தக் கிரீடத்தை.
3. சாகாத விளக்கு. குறியிட்ட செல் இறந்தாலும் துகள் அழிவதில்லை. துப்புரவு செய்யும் விழுங்கு செல்கள் அதைச் சாப்பிட்டுவிட்டுத் தாங்களே ஒளிரும். உடலில் செலுத்திய குருத்தணுக்கள் வாரக்கணக்கில் உயிரோடு இருப்பதாகத் தோன்றும் படத்தில், ஒளிர்வது அவற்றைத் தின்றவையாக இருக்கலாம்.

மூன்றாவது வழியின் மறுபக்கம்தான் பச்சை ஒளிர்புரதத்தின் பலம். செல் செத்தால் தயாரிப்பும் நிற்கும், விளக்கு அணையும். வெளிறும் தன்மை எப்போதும் குறைதான் என்று சொல்ல முடியாது.

## நஞ்சு எங்கே இருக்கிறது

காட்மியம் நஞ்சு என்பதில் ஐயமில்லை. ஆனால் படிகத்துக்குள் பூட்டப்பட்ட காட்மியமும் கரைந்து வெளிவந்த காட்மிய அயனியும் வேறு வேறு. 2004-இல் சங்கீதா பாட்டியாவின் குழு கல்லீரல் செல்களில் இதை ஆராய்ந்தது. காற்றில் அல்லது புற ஊதா ஒளியில் வைக்கப்பட்ட, ஓடு இல்லாத காட்மியம் செலினைடு புள்ளிகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து அயனிகளை விட்டன, செல்கள் மடிந்தன. மேற்பூச்சு கொடுத்தபோது பாதிப்பு வெகுவாகக் குறைந்தது.

ஆகவே 'குவாண்டம் புள்ளி நச்சா?' என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல் விடை கிடையாது. உள்ளே எந்தப் படிகம், மேலே எந்த ஓடு, எத்தனை துகள், எவ்வளவு நேரம், எந்த ஒளி என்று கேட்க வேண்டும். தட்டில் உள்ள செல்லை இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுக் கொட்டிவிடும் ஆய்வாளருக்கு ஓடு போர்த்திய புள்ளி போதுமான பாதுகாப்பு. உடலில் ஏற்றினால் அது ஆண்டுக்கணக்கில் தங்கக்கூடும். காட்மியம் இல்லாத இண்டியம் பாஸ்பைடு, சிலிகா, கார்பன் புள்ளிகள் ஆகியவற்றின் பக்கம் பலர் திரும்பியது இந்த இரண்டாவது கணக்கால்தான்.

## தட்டிலிருந்து உடலுக்கு

இங்கே மூன்று தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

முதலாவது சென்று சேர்வது. இரத்தத்தில் செலுத்திய நானோ துகள்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துவிடும். பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2016 ஆய்வொன்றில், செலுத்திய அளவில் கட்டியை அடைந்தது இடைநிலை மதிப்பில் 0.7 சதவீதம்.

இரண்டாவது வெளியேறுவது. எலிகளில் 2007-இல் செய்த ஆய்வில், நீரில் போர்வையோடு சேர்த்து அளந்த விட்டம் 5.5 நானோமீட்டருக்குக் கீழே இருந்த புள்ளிகள் சிறுநீரோடு விரைவில் வெளியேறின. அதைவிடப் பருத்தவை தங்கின. 2012-இல் ரீசஸ் குரங்குகளுக்குக் காட்மியப் புள்ளிகளை இரத்தநாளத்தில் செலுத்திப் பார்த்தபோது 90 நாட்களில் உடனடிப் பாதிப்பு எதுவும் தென்படவில்லை. ஆனால் காட்மியத்தின் பெரும்பகுதி அப்போதும் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகங்களில் இருந்தது. 'பாதுகாப்பானது' என்று தலைப்பிட்டவர்களும் 'ஆபத்து நீங்கவில்லை' என்று தலைப்பிட்டவர்களும் இதே முடிவைக் காட்டலாம்.

மூன்றாவது தடை ஒளியே. கண்ணுக்குத் தெரியும் ஒளி தசைக்குள் சில மில்லிமீட்டர்களிலேயே சிதறி அடங்கிவிடும். அண்மை அகச்சிவப்பு இன்னும் ஆழம் போகும். அதுவும் சென்டிமீட்டர் கணக்கில்தான். எவ்வளவு பிரகாசமான துகளாக இருந்தாலும், ஈரலின் நடுவிலிருந்து அதன் ஒளி தோலுக்கு வெளியே தெளிவான படமாக வந்து சேராது.

மனித உடலுக்குள் சென்ற ஒளிக்குறித் துகளின் முதல் சோதனைகளில் ஒன்றில் இந்த மூன்றும் எப்படிக் கையாளப்பட்டன என்று பார்க்கலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிக் வீஸ்னரின் குழு உருவாக்கிய சி-புள்ளிகளில் காட்மியமே இல்லை. சிலிகாவுக்குள் சாய மூலக்கூறுகளைப் பூட்டி வைத்த, சிறுநீரோடு வெளியேறும் அளவுக்குச் சிறிய துகள்கள் அவை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-இல் மனிதச் சோதனைக்கு இசைந்தது. பரவிய மெலனோமா தோல் புற்றுநோய் உள்ள ஐந்து பேரிடம் கிடைத்த முடிவுகள் 2014-இல் வெளியாயின. துகள் உடலில் எங்கே போகிறது, எப்போது வெளியேறுகிறது என்பதை அந்த ஆய்வில் படம்பிடித்தது அதன் ஒளியை வைத்து அல்ல. ஒவ்வொரு துகளிலும் கதிரியக்க அயோடின்-124 ஒட்டப்பட்டிருந்தது. பெட் ஸ்கேன்தான் அதைக் கண்டது. உள்ளே இருந்த சாயத்தின் ஒளிக்கு வேலை வருவது, அறுவை மருத்துவர் தோலைத் திறந்து, நிணநீர்க் கணுவுக்கும் கேமராவுக்கும் நடுவே எதுவும் இல்லாதபோது.